சனிக்கிழமை அறை

தேரிக்குடியில் மணல்மேடே ஓர் இடத்தில் நிற்காது. ஆடிக்காற்று கிளம்பினால், நேற்றுத் தெற்கே இருந்த, தேரி என்று சொல்கிற செம்மண் மேடு இன்று வடக்கே போய் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட ஊரில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையை ஒரு சனிக்கிழமை காலையில் காணவில்லை என்றால் அதற்காக யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கமாட்டார்கள், நிற்கவும் இல்லை. விளக்குமாற்றோடு பின்பக்கம் போன கோயில்பிள்ளை, அறை இருந்த இடத்தில் ஈரமான ஒரு சதுரமும் அதன் குறுக்கே போகிற எறும்புகளும் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பெருக்குகிற வேலை ஒன்று குறைந்தது என்று திரும்பி வந்து பங்குச்சாமியாரிடம் சொன்னார். சாமியார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எங்கே போயிருக்கும் என்று மட்டும் கேட்டார்.

மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. கடற்கரையில் ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில், வலை காயப்போடும் இடத்தில் அறை நின்றுகொண்டிருந்தது. அதே சிமெண்ட் ஷீட் கூரை, அதே நீல ஜன்னல், உள்ளே அதே பிளாஸ்டிக் நாற்காலிகள், மறைக்கல்விப் பிள்ளைகள் சுவரில் கிறுக்கிவைத்த அதே ஆட்டுக்குட்டி. சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்த அறையில்தான் குடியை விட்டவர்களும் விட முடியாமல் தவிக்கிறவர்களும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகத் தன் பேரைச் சொல்லி, தான் குடிகாரன் என்று சொல்லி, அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று சொல்லி, அழவேண்டியதை அழுதுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கூட்டத்தை நடத்திவந்தவர் தேவசிங் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு காலத்தில் குடித்துவிட்டு விசில் ஊதக்கூட மூச்சில்லாமல் விளையாட்டு மைதானத்திலேயே விழுந்துகிடந்தவர். அவர் ஐஸ் கம்பெனி வரைக்கும் சைக்கிளில் போய், கதவைத் தள்ளிப் பார்த்து, சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். கரண்ட் கம்பி கிடையாது, ஒன்றும் கிடையாது, டியூப் லைட் எரிந்தது. சரி, சாயங்காலம் எல்லாரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மீன் வாடையோடு அன்றைக்குக் கூட்டம் நடந்தது. அடுத்த சனிக்கிழமை அறை அங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு அது பழகிப்போயிற்று. ஒரு வாரம் ரேஷன் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, பூனை நுழையவே யோசிக்கிற சந்தில் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு மட்டும் தெரியும், உள்ளே போனால் பழைய விசாலம். ஒரு வாரம் உப்பளத்து வரப்பில் நின்றது. ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் பஸ் நிற்கிற இடத்தில் வந்து நிற்க, டிரைவர் முனங்கிக்கொண்டே பஸ்ஸைத் தள்ளி நிறுத்தினார். ஆட்டோக்காரர்கள் சனிக்கிழமை காலையிலேயே ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அறை எங்கே என்று தெரிந்துவைத்துக்கொண்டு, ஏறுகிறவர் முகத்தைப் பார்க்காமலே கொண்டுபோய் விட்டார்கள். எந்த வார்டில் அறை நிற்கிறதோ அந்த வார்டு கவுன்சிலர்தான் வாசலில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்; அறை வார்டு எல்லையில் காலை அகட்டிக்கொண்டு நின்ற வாரம் இரண்டு கவுன்சிலர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பக்கத்தில் வந்து நின்றால் குடிகார வீடு என்று பேராகிவிடுமே என்று முதலில் பயந்த சனங்கள், போகப்போக, அறை வந்து நின்ற இடத்தில் நல்லது நடக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். அது வந்து நின்ற வாரம்தான் மகளுக்கு வரன் அமைந்தது என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் சொன்னார். அந்த வரனை மகள் போன வருஷமே தானாகப் பார்த்துவைத்திருந்தாள் என்பது வேறு விஷயம். ஏன் நகர்கிறது என்று மட்டும் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

பிரச்சினை செருப்பில் வந்தது. எந்த வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்க்காமல் கடந்துபோகிற ஆள் நம் பக்கத்தில் உண்டா? மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தவரை வாசல் மறைவாக இருந்தது. அறை தெருவுக்கு வந்ததும் செருப்பும் தெருவுக்கு வந்துவிட்டது. வார் அறுந்து ஊக்குப் போட்டிருப்பது தபால்காரருடையது, அந்தத் தோல் செருப்பு பாத்திரக்கடை முதலாளியுடையது என்று பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தபடியே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அடுத்த வாரம் கூட்டத்தில் பாதி நாற்காலி காலி. தேவசிங் வாத்தியார் யோசித்து, எல்லாரையும் ஒரே மாதிரி நீல வார் ரப்பர் செருப்பு வாங்கவைத்தார். அதிலிருந்து அறை வாசலில் நீல வார்ச் செருப்புகள் மட்டுமே வரிசையாகக் கிடந்தன. தபால்காரருடையது எது, முதலாளியுடையது எது என்று அவர்களுக்கே தெரியாமல் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஊரும் மரியாதை கற்றுக்கொண்டது. அறையின் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் தெருவில் இருக்கிறவர்கள் எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். சைக்கிளில் போகிறவர் இறங்கி, செயின் கழன்ற மாதிரி குனிந்துகொள்வார். கடைசி ஆள் தெருமுனையைத் தாண்டுகிறவரை ஒருவரும் திரும்பமாட்டார்கள். எத்தனையோ விஷயத்தில் வெட்கமில்லாமல் எட்டிப்பார்க்கிற தேரிக்குடி இந்த ஒன்றில் மட்டும் பிசகாமல் இருந்தது.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் ஒரே ஒருவருக்கு மட்டும் உள்ளே போக வழி இல்லாமல் இருந்தது. அது அவர் மனைவி பிரம்மசக்திக்கே ரொம்ப நாள் புரியவில்லை.

கொம்பையா மைக் செட் போடுகிறவர். தேரிக்குடியில் கல்யாணமோ, காதுகுத்தோ, கொடைவிழாவோ, கட்சிக் கூட்டமோ, எது நடந்தாலும் நல்ல காரியம் என்றால் குழாய் ஸ்பீக்கர் கட்டவேண்டும், குழாய் என்றால் கொம்பையா. இளவட்டத்தில் ஒரு கொடைக்குப் பனைமரத்தில் ஏறிக் குழாய் கட்டும்போது விழுந்து இடது கால் ஒடிந்து, சேர்ந்தபோது குட்டையாகச் சேர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு மரத்தடியில் செருப்புத் தைக்கிறவர் அவருடைய இடது செருப்புக்கு அடியில் லாரி டயரை வெட்டி அடுக்கடுக்காக ஒட்டி உயர்த்திக் கொடுத்தார். டக், தொப்பு, டக், தொப்பு என்று அவர் தெருவில் வரும்போது அடுப்படியில் இருக்கிறவர்கள்கூடக் கொம்பையா போகிறார் என்று சொல்லிவிடுவார்கள். வேலை முடிந்து வயரைச் சுற்றிவைத்த பிறகு குடித்துக்கொண்டிருந்தவர், பிறகு வயரைச் சுற்றுவதற்கு முன்னால் குடித்தார், அப்புறம் வயரைக் கட்டுவதற்கே குடிக்கவேண்டியிருந்தது. யாரையும் அடித்ததில்லை, வைததில்லை. குடித்துவிட்டு வந்து அழுவார். அடிக்கிறவனாக இருந்தால் கோபித்துக்கொண்டாவது போகலாம், அழுகிறவரை என்ன செய்வது என்று பிரம்மசக்திக்குத் தெரியவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். குழம்பு கொதிக்கிற வாசனையிலேயே உப்புப் போதாது என்று சொல்லிவிடுகிற மூக்கு. அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவள் வருஷக்கணக்காகச் செய்த வேலை, புருஷன் வாசற்படி ஏறும்போது பக்கத்தில் போய் மோந்து பார்த்ததுதான். இன்றைக்கு இருக்காது, இன்றைக்கு இருக்காது என்று போய் நிற்பாள். இருக்கும். அந்த வருஷம் கொம்பையாவின் கண் மஞ்சளாகி, வயிறு உப்பிக்கொண்டது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா பிரம்மசக்தியைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"என்கிட்ட இதுக்கு மருந்து இல்லம்மா. குடிய நிறுத்தினாத்தான் உயிரு. உங்க ஊர்ல ஏதோ ஒரு அறை நடமாடுதாமே, அங்க போகச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சோறு போட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"ஏங்க, இந்தச் சனிக்கிழம போய்ட்டு வாங்களேன். சும்மா ஒக்காந்துட்டு வாங்க."

கொம்பையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "காலு வலிக்கிடி சத்தி. இந்த வாரம் உப்பளத்துல நிக்கும், அடுத்த வாரம் தேரிக்குள்ள நிக்கும். இந்தக் கால வச்சுக்கிட்டு அத எங்க போய்த் தேட?"

"ஆட்டோவுல போங்க."

"மணலுக்குள்ள ஆட்டோ போவுமா?" என்றவர், தண்ணீரைக் குடித்துவிட்டு, "பக்கத்துல இருந்தாப் போவலாந்தான்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். சொல்லுக்குப் பின்னால் இருக்கிற சொல்லைக் கேட்க அவளுக்கு அப்போது காது இல்லை. சனிக்கிழமைகளில் அவர் சாயங்காலத்துக்கு முன்பே கிளம்பிப்போய், முழங்கால் வரை செம்மண்ணோடு திரும்பி வருவதை அவள் பார்த்திருக்கிறாள். எங்கேயோ மறைவில் குடித்துவிட்டு விழுந்து எழுந்து வருகிறார் என்று நினைத்தாள். நினைத்தது பாதி சரி. திரும்பி வரும் வழியில் குடித்தார்தான்.

அறையை வரவைக்க வழி உண்டு என்று அவளுக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் புஷ்பம். புஷ்பம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முதல் வாரம் அறை அங்கே வந்து நின்றபோது, பாவம், அழுதுவிட்டு வருகிறவர்களுக்குத் தொண்டை காய்ந்திருக்குமே என்று சுக்குத் தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தவள். "அந்தக் காப்பி வாசத்துக்குத்தான் அது மறுபடி மறுபடி எங்க கம்பெனிப் பக்கம் வந்துது, கேட்டுக்கோ," என்றாள். "தரையத் தூத்து, தண்ணி தெளிச்சு, காப்பி போட்டு வச்சுப் பாரு. பசுமாடு மாதிரிதான், பழக்கினா வரும்." இந்த ரகசியத்தைப் புஷ்பம் இன்னும் பல பேரிடம் சொல்லியிருந்தாள் என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரிந்தது. வீட்டில் குடிகாரன் இருக்கிற பெண்கள் எல்லாரும் ஊரில் இருக்கிற காலிமனைகளை எல்லாம் பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். தேரிக்குடி அத்தனை சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பிறகும் இருந்ததில்லை. ஊர் முழுக்கக் கருப்பட்டி வாசனை.

பிரம்மசக்தியின் வீட்டை ஒட்டி ஒரு மனை கிடந்தது. குழாய்கள், ஓடாத ஜெனரேட்டர், பல்பு மாலைகள் எல்லாம் அங்கேதான் குவிந்திருந்தன. அவள் எல்லாவற்றையும் வீட்டுக்குள் இழுத்துப்போட்டு, குழாய்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் மனையைப் பெருக்கினாள், தெளித்தாள், காப்பி போட்டு வைத்தாள். அறை மீன் மார்க்கெட்டில் வந்து நின்றது. அடுத்த வாரம் தாலுகா ஆபீஸ் பின்னால் நின்றது. அவள் பெருக்கிய மனையில் நாய் வந்து படுத்தது. கொம்பையாவின் வயிறு வாரத்துக்கு வாரம் கூடியது. ஒரு வெள்ளிக்கிழமை அவளால் தாங்க முடியாமல் போயிற்று. வெறும் மனையைப் பார்த்து, மனுஷரிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"ஒருக்க வந்துட்டுப் போ. ஒரே ஒருக்க. அவிய ஏறி எறங்குத படியிலயே நில்லு, போதும். பொறவு நீ எங்க வேணும்னாலும் போ."

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் அறை வந்திருந்தது. அதன் வாசல் அவள் அடுப்படி வாசலுக்கு நேர் எதிரே, எட்டி வைத்தால் ஒரே எட்டு. நீல ஜன்னல் திறந்திருந்தது. கொம்பையா வீட்டில் இல்லை, இருட்டோடு எழுந்து எங்கேயோ போயிருந்தார். போனால் என்ன, வீட்டுக்கு வராமலா இருக்கப்போகிறார்? வந்தால் இந்த ஒரு எட்டுத்தானே?

அவள் புஷ்பத்திடம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்தது. புஷ்பம் தெருவிடம் சொன்னாள். தெரு ஊரிடம் சொன்னது. கொம்பையாவின் மைக்கில் கல்யாணம் நடந்தவர்கள், பேர்வைப்பு நடந்தவர்கள், அவர் குழாய் கட்டிச் சாமியைக் கூப்பிட்டவர்கள் என்று யார்தான் ஊரில் இல்லை? கொம்பையா பிழைக்கப்போகிறார் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். வாசலில் தென்னை ஓலைத் தோரணம் கட்டினார்கள். ஒருத்தி வடை சுட்டுக்கொண்டு வந்தாள். கவுன்சிலர் சால்வையோடு வந்தார். வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய நல்ல காரியம், மைக் இல்லாமலா என்று கேட்டார். அதுவும் யார் வீடு, மைக் செட்காரர் வீடு! பிரம்மசக்திக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவள்தான் மைக் பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்குள் இழுத்துப்போட்டிருந்த குழாயை எடுத்து வேப்பமரத்தில் கட்டினார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். அதுதான் இதில் தாங்க முடியாதது.

தேவசிங் வாத்தியார் சாயங்காலம் சைக்கிளில் வந்தவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே இறங்கிவிட்டார். முகம் செத்துப்போயிற்று. ஓடி வந்து கவுன்சிலர் கையைப் பிடித்தார்.

"மைக்க அணைங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க. இப்பிடிச் செய்யக்கூடாது."

"நீங்க சும்மா இருங்க சார், ஒரு வரவேற்புத்தான்," என்றார் கவுன்சிலர்.

அப்போது கொம்பையா தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். தலைக்குக் குளித்து, ஈரத்தோடு வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். டக், தொப்பு சத்தம் இல்லை. அதனால் அவர் வந்ததை யாரும் முதலில் கவனிக்கவில்லை. பிரம்மசக்தி கவனித்தாள். அவர் என்றைக்கும் நடப்பதைவிட மோசமாக, இடுப்பை ஒடித்து ஒடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். குடித்திருக்கிறார் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவர் தன் வீட்டையும் வீட்டை ஒட்டி நின்ற அறையையும் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஒருவராவது முதுகைத் திருப்பவேண்டுமே? அத்தனை முகமும் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"குடிப்பழக்கத்தைக் கைவிட முன்வந்துள்ள நமது பாசத்துக்குரிய அண்ணாச்சி கொம்பையா அவர்களை," என்று அவருடைய குழாயே, அவர் துடைத்து எண்ணெய் போட்டு வைத்த குழாயே, உப்பளம் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னது, "வருக வருக என்று வரவேற்கிறோம்."

கொம்பையா குழாயை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிரம்மசக்தியைப் பார்த்தார். அவள் ஆயுசுக்கும் மறக்கமுடியாத பார்வை அது. கோபமே இல்லை அதில், அடிபட்டவர் பார்வையாகத்தான் இருந்தது. திரும்பினார். வந்த வழியே போனார், தெருமுனை தாண்டி, பனந்தோப்பு தாண்டி, தேரிக்குள் ஏறிவிட்டார். ஏங்க, ஏங்க என்று கத்திக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு வேகம் போனாரோ, மணலுக்குள் ஆள் தெரியவில்லை. மேட்டு அடிவாரத்தில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. இடது கால் செருப்பு. அவள் அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அறை போயிருந்தது. அவள் பெருக்கிய மனையில் ஈரச் சதுரம் இருந்தது. வடை கொண்டுவந்தவள் அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

கொம்பையா வீட்டுக்கு வரவில்லை. தேரிக்குள் பனையேறிகள் விட்டுப்போன குடிசையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பக்கத்து ஊர்க் கொடையில் யாருடைய மைக் செட்டுக்கோ வயர் இழுத்துக்கொண்டிருந்தார் என்று இன்னொருவர் சொன்னார். பிரம்மசக்தி போய்த் தேடாத இடம் இல்லை. அவள் போகும்போது அவர் அங்கே இருக்கமாட்டார்.

சில நாள் கழித்துத் தேவசிங் வாத்தியார் வந்தார்.

"அவரு ரொம்ப நாளா வந்துக்கிட்டுத்தாம்மா இருந்தாரு," என்றார். "உள்ள வரல. அற எங்க நின்னாலும் தேடிக் கண்டுபிடிச்சு வந்து, தூரத்துல உடமரத்துக்குப் பின்னால நிப்பாரு. நாங்க பாத்தும் பாக்காத மாதிரி இருப்போம். கதவுப் பக்கத்து நாற்காலிய அவருக்குன்னே விட்டு வச்சிருந்தோம்."

பிரம்மசக்திக்கு அவர் சனிக்கிழமைகளில் திரும்பி வந்த கோலம் கண்ணில் நின்றது. முழங்கால் வரை செம்மண். "ஒரு வார்த்த வாங்கன்னு கூப்பிட்டிருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"கூப்பிட்டா போயிருவாருன்னு பயம். எங்கள்ல யாரும் கூப்பிட்டு வரல தங்கச்சி. என் பொண்டாட்டி கூப்பிடாத கூப்பாடா? அவ இருந்தவரைக்கும் நான் போவல. அவளப் பொதச்சிட்டு வந்த பொறவுதான் போனேன்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உள்ள வாரதுக்கு அவருக்கு என்ன தடங்கல்னு மட்டும் எங்களுக்கு வெளங்கவே இல்ல."

அவள் எழுந்துபோய், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்த செருப்பை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். நீல வார் போட்ட, அடி தேயாத புது ரப்பர் செருப்பு. இடது காலுக்கு. டயர் கிடையாது, உயரம் கிடையாது, எல்லாருடையதையும் போலத் தட்டையாக இருந்தது.

வாத்தியார் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவிய செருப்ப வாசல்ல விட்டா ஊருக்கே தெரிஞ்சிருமில்லா," என்றாள் பிரம்மசக்தி. "இதப் போட்டுக்கிட்டு அன்னைக்கு உள்ள போகத்தான் வந்திருக்காவ. இடுப்பு ஒடிய நடந்து வந்தாவ. நான் குடிச்சிருக்காவன்னு நெனச்சேன். காலு வலிக்கின்னு சொன்னதையும் தூரத்தச் சொல்லுதாவன்னு நெனச்சேன். நான் போயி வாசல்லயே கொண்டாந்து நிப்பாட்டி, மைக்கும் கட்டிக் குடுத்தேன் அண்ணாச்சி."

வாத்தியார் எழுந்தார். போகும்போது அந்தச் செருப்பைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அறை தேரி ஓரத்தில் நின்றது. குடிக்காதவர்கள் உள்ளே போய் உட்காருவது அந்தக் கூட்டத்தின் வழக்கம் இல்லை. பிரம்மசக்தி தூக்குவாளியில் காப்பியும் கூடையில் டம்ளர்களுமாகப் போய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள். எல்லாம் நீல வார்ச் செருப்புகள்தான். ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் இடது செருப்புக்கு அடியில் லாரி டயர் அடுக்கி ஒட்டியிருந்தது. தபால்காரர், பாத்திரக்கடை முதலாளி, வாத்தியார், யாரும் பாக்கி இல்லை. பஸ் ஸ்டாண்டு மரத்தடிக்காரர் அந்த வாரம் பூராவும் வேறு வேலை பார்க்கவில்லையாம்.

தேரிக்குடி இதையும் பழகிக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் டக், தொப்பு, டக், தொப்பு என்று ஒரு படையே தெருவில் நொண்டிக்கொண்டு போகும். சமமான காலை வைத்துக்கொண்டு உயரம் மாறிய செருப்பில் நடந்து நடந்து அவர்களுக்கு இடுப்பு வலி வந்தது. ஊர் நாட்டு வைத்தியர் தைலம் காய்ச்சி முடியவில்லை என்று அலுத்துக்கொண்டார். கூட்டத்துக்குப் போகாதவர்களிலும் சிலர் அப்படிச் செருப்புப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள், ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்றார்கள். கவுன்சிலரும் ஒரு ஜோடி செய்துகொண்டார். அவர் அதற்குப் பிறகு எந்த மைக்கையும் தொடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பிரம்மசக்தி எந்தச் சனிக்கிழமையும் தவறவில்லை. காலையில் அறையைக் கண்டுபிடிப்பாள், சாயங்காலம் காப்பியோடு போவாள். வாசல் செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அவற்றில் ஒரு ஜோடி நிஜமாகவே தேவைப்பட்டுப் போட்டதாக இருக்குமா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். யார் கண்ணிலும் படாமல் அவர் உள்ளே போவதற்காகச் செய்த ஏற்பாடு, அவர் போயிருந்தால் அவளுக்கும் தெரியாமல் செய்துவிட்டது. வாத்தியாரிடம் கேட்கலாம். கேட்டால் அவர் சொல்லமாட்டார், உள்ளே யார் வந்தார்கள் என்பதை வெளியே சொல்வதில்லை. கேட்கவும் அவள் துணியவில்லை. வரவில்லை என்று சொல்லிவிட்டால்?

டம்ளர்களில் காப்பியை ஊற்றி, கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் வரிசையாக வைப்பாள். உள்ளே எத்தனை பேர் என்று ஜன்னல் நிழலை வைத்துக் கணக்குப்பண்ணி, அதற்கு மேல் ஒரு டம்ளர் வைப்பாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் ஊர் வழக்கப்படி முதுகைத் திருப்பிக்கொள்வாள். அவர்கள் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். அவள் திரும்பிப் பார்க்கும்போது அந்த ஒரு டம்ளர் ஆறிப்போய் அப்படியே இருக்கும். அதை உடைமரத்தடியில் ஊற்றிவிட்டு வருவாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அறை தேரிக்குள் வெகுதூரம் போய், பனைகூட இல்லாத இடத்தில் நின்றது. கூட்டம் முடிந்து கதவு திறந்தது. பிரம்மசக்தி திரும்பி உட்கார்ந்து, மணலைப் பார்த்தாள். பின்னால் மணலில் நொண்டுகிற சத்தம், ஒருவர் பின் ஒருவராக. டம்ளர் எடுக்கிற சத்தம், உறிஞ்சுகிற சத்தம், வைக்கிற சத்தம். எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு காலடி மட்டும் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

போகவில்லை. நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. தலையைக் கொஞ்சம், தோள் அளவுக்குத் திருப்பினால் போதும். திருப்பினால் தெரிந்துவிடும். அவராக இருந்து, அவள் பார்த்தும்விட்டால், அவர் இன்னொரு தடவை ஓடுவார், அந்த ஓட்டத்துக்குப் பிறகு வருவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அவள் இரண்டு கையாலும் மணலை அள்ளிப் பிடித்துக்கொண்டாள். வாங்க என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள். டம்ளர் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு வைக்கிற சத்தம். காலடி மெதுவாக நகர்ந்து, மணலில் தேய்ந்து, கேட்காமல் போயிற்று.

எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு அவள் திரும்பினாள். மணலில் காலடிகள் எல்லாம் ஒரே மாதிரி, இடது பள்ளம் ஆழமாக, வலது பள்ளம் லேசாக, நாலா பக்கமும் போயிருந்தன. எது யாருடையது என்று பார்ப்பதற்குள் காற்று அவற்றை மூடிக்கொண்டு வந்தது. பெட்டி மேல் டம்ளர்கள் இருந்தன. எல்லாம் காலி. அந்த ஒன்றும் காலி.

யாராவது இரண்டு குடித்திருக்கலாம், குளிர்காலம்தானே, தேவசிங் வாத்தியாருக்குக் கருப்பட்டிக் காப்பி என்றால் உயிர், என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அந்தக் கடைசி டம்ளரை எடுத்து, பழக்கம் விடவில்லை, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். சுக்கு வாசனையும் கருப்பட்டி வாசனையும் மட்டும்தான் வந்தது.